மணியம் வீட்டு ஆறு மா

நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டுக்கு ஊரில் மணியம் வீடு என்று பெயர். வீடு என்றால் கீற்றுக் கொட்டகைதான். முன்பக்கம் மட்டும் மண்சுவர் எழுப்பி வெள்ளையடித்திருந்தார்கள். அந்தச் சுவர் நின்றதும் ஊர் மிராசுதாரான பண்ணை ஐயாவின் மனைக்கட்டில். உழுத நிலம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். அதுவும் அவருடையதுதான், நாங்கள் குத்தகைக்கு வைத்திருந்தோம். எங்களுக்கென்று சொந்தமாக இருந்தது அந்தப் பெயர் ஒன்று. குடிக்கிறது கூழ், கொப்பளிக்கிறது பன்னீர் என்பார்களே, அதை நான் கேள்விப்பட்டது அம்மா வீட்டில். கண்ணால் பார்த்தது புருஷன் வீட்டில்.

இந்தச் சம்பந்தத்தை அவசர அவசரமாக முடித்தவர் என் அப்பா. அவர் தாலுகா கச்சேரியில் வில்லைச் சேவகர். தோளிலிருந்து இடுப்புவரை சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. தாசில்தார் மணியடித்தால் உள்ளே ஓடுவது, வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது, ஜமாபந்தி நாட்களில் கணக்கு மூட்டைகளைச் சுமப்பது, இதுதான் அவர் உத்தியோகம். வாழ்நாள் முழுவதும் பட்டம் உள்ளவர்களுக்கு முன்னால் நின்று நின்றே கால் வீங்கியவர். தாசில்தார், சிரஸ்தார், அமீனா, கர்ணம், மிராசுதார் என்று அந்தப் பெயர்களைச் சாமி பெயர் மாதிரிச் சொல்லுவார். துரைகள் கப்பலேறி எத்தனையோ வருடமாகியிருந்தது. அவர்கள் வைத்துவிட்டுப் போன பெயர்கள் மட்டும் எழுந்து போகாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தன. அதனால், மணியம் வீட்டுப் பையன் என்று தரகர் சொன்னதும் அப்பா நிலம் யாருடையது என்றுகூட விசாரிக்கவில்லை.

"மணியக்கார வீடுடி. குடுத்து வெச்சிருக்கணும்" என்றார். நான் என்ன குடுத்து வைத்திருந்தேனோ, எனக்குக் கிடைத்தது.

அப்பா சாப்பிடும்போது கச்சேரிக் கதையெல்லாம் சொல்லுவார். அடங்கல் கணக்கில் பெயர் இல்லாமல் நிலத்தை இழந்தவன், பட்டா மாறிப்போனது தெரியாமல் செத்தவன், வாய்தாவுக்கு வராமல் ஜப்தியில் மாட்டியவன் என்று தினம் ஒருவன் எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் வந்து அழுதுவிட்டுப் போவான். எட்டாவதோடு என் படிப்பு நின்றுபோனாலும், கச்சேரியில் எந்தச் சொல் ஒருவனைத் தூக்கும், எந்தச் சொல் குழியில் தள்ளும் என்பது எனக்குச் சோற்றோடு சேர்ந்து இறங்கியிருந்தது.

கிராமத்துக்கு வரி வசூலித்துக் கொடுக்கிற பட்டாமணியம் வேறு. அந்தப் பதவி இன்னொரு தெருவில், ஓட்டு வீட்டில் இருந்தது. எங்களுடையது களத்து மணியம். கும்பினி காலத்தில் விளைந்த நெல்லில் சர்க்காருக்கு நேரடியாகப் பங்கு உண்டாம். அறுத்து, அடித்து, தூற்றிக் குவித்த பிறகு தண்டல்காரர் வந்து அளக்கும்வரை ஒரு கைப்பிடி எடுக்கக்கூடாது. குவியலின் மேல் சாணிப்பாலால் குறி போட்டு, அது கலையாமல் காவல் காத்து, தண்டல்காரரிடம் ஒப்படைக்கிற ஆள்தான் களத்து மணியம். பிறகு வெள்ளைக்காரன் நெல் வேண்டாம், தீர்வையை ரொக்கமாகக் கட்டு என்று சொல்லிவிட்டான். தண்டல்காரர் வருவது நின்றுபோயிற்று. எங்கள் வீட்டு ஆண்கள் மட்டும் நிற்கவில்லை. யாரும் வந்து பார்க்காத குறியைத் தலைமுறை தலைமுறையாகப் போட்டுக்கொண்டேயிருந்தார்கள். பல வருடம் கழித்து இன்னோர் ஆட்சியில் கர்ணம், பட்டாமணியம் எல்லாவற்றையும் ஒரே உத்தரவில் ஒழித்தபோது சில வீடுகளில் இழவு விழுந்ததுபோல இருந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கும் உலை கொதித்தது. எங்கள் மணியம் எந்த உத்தரவிலும் இருந்ததில்லையே, ஒழிப்பதற்கு!

அறுவடைக்கு அறுவடை என் கணவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சாணிப்பால் சட்டியோடு களத்துக்குப் போவார். பண்ணை ஐயா நாற்காலியில் உட்கார்ந்தபடி, "வாங்க மணியாரே, போடுங்க" என்பார். குவியலைச் சுற்றிக் குறி போட்டு முடித்ததும் ஒரு துண்டு கொடுப்பார். அவ்வளவுதான் சடங்கு. ஆனால் அந்த 'வாங்க' இருக்கிறதே, அது சாதாரணமில்லை. தலை நரைத்த குடியானவரைக்கூட ஐயா 'என்னடா' என்றுதான் கூப்பிடுவார். ஊரில் மரியாதை கொடுத்து அவர் பேசிய ஒரே சேற்றுக்கால் என் கணவருடையது. குறுவைக்கு ஒரு நாள், தாளடிக்கு ஒரு நாள், ஆக வருடத்துக்கு இரண்டு நாள் அவர் மணியம். மற்ற நாளெல்லாம் அதே ஆறு மாவில் அவர் உழுவார், நான் நடுவேன், களை பறிப்பேன். விளைந்ததில் குத்தகை நெல்லை ஐயா வீட்டில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, மிஞ்சியதில் கஞ்சி குடிப்போம்.

என் கணவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கை நீட்டியதில்லை, கள்ளுக்கடைப் பக்கம் போனதில்லை, மாடு மாதிரி உழைப்பார். இந்த மணியம் ஒன்றுதான் அவருக்குப் பிடித்திருந்த பேய்.

கழக ஆட்சி வந்த புதிதில் ஒரு சட்டம் வந்தது. குத்தகைக்கு உழுகிறவன் பெயரைச் சர்க்கார் பதிந்துகொள்ளும், பதிந்துவிட்டால் மிராசுதார் நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்றார்கள். அப்போது வயலுக்கு வயல் சண்டை. கூலி கேட்டால் சண்டை, கொடி நட்டால் சண்டை, ஊர் முனையில் போலீஸ் லாரி. பதிவுக்கு ஒரு தாசில்தார் ஊர் ஊராக வந்துகொண்டிருந்தார். எங்கள் ஊருக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பு செங்கொடிச் சங்கத்துத் தோழர் ஒருவர் சைக்கிளில் வந்து வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார்.

"நான் குத்தகைதாரர், நான்தான் உழுவுறேன். இத மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் பேசிடாதீங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டுமே. மறுநாள் காலை பண்ணை ஐயா ஒவ்வொருவராகக் கூப்பிட்டனுப்பினார். சிலரை மிரட்டினார். சிலருக்கு நாலு மூட்டை நெல் தருவதாகச் சொன்னார். என் கணவருக்கு மிரட்டலும் வேண்டியிருக்கவில்லை, நெல்லும் வேண்டியிருக்கவில்லை. உச்சி வெயிலில் திரும்பி வந்தவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நாற்காலி போட்டாருடி" என்றார். "எதிர்க்க உக்கார வெச்சு காப்பி குடுத்தாரு. வெள்ளி டம்ளரு."

"எதுக்குப் போட்டாருன்னு யோசிச்சீங்களா?"

"கண்டவனெல்லாம் குத்தகைக்காரன்னு வரிசையில நிக்கப்போறான், ஒங்களப் போயி அதுல நிக்கச் சொல்லலாமா மணியாரேன்னு கேட்டாரு. நீங்க பண்ணையோட மணியம், அப்படியே சொல்லுங்க, நெலம் எங்க போயிடப்போவுதுன்னாரு."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

"மணியம்னு சொன்னா சம்பளத்துக்குப் பாக்குற ஆளுன்னு எழுதிடுவாங்கங்க. அப்புறம் நெலத்துல ஒங்களுக்கு ஒரு பாத்தியமும் கெடையாது. குத்தகைன்னு சொன்னாத்தான் நிக்கும். இப்படி வந்து அழுதவங்க எத்தனை பேர எங்க அப்பா பாத்திருக்காரு தெரியுமா?"

"ஒங்க அப்பா வாசல்ல நின்ன ஆளு. அவருக்கு என்னா தெரியும்?"

கோபத்தில் குழம்புக்கு உப்புப் போட மறந்தேன். அவர் அது தெரியாமலே சாப்பிட்டு முடித்தார். வாயில் இன்னும் அந்தக் காப்பிதான் இருந்திருக்கும்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் விசாரணை. காலையில் ஆறு மாவில் களை பறித்துவிட்டு அப்படியே போய், வெளியே ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே மேசை. ஒரு பக்கம் தாசில்தார், மறுபக்கம் கணக்குப் புத்தகங்களோடு கர்ணம். ஐயாவின் ஆட்கள் இரண்டு பேர் சுவரில் சாய்ந்துகொண்டு வருகிறவர் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயந்து பாதிப் பேர் வரவேயில்லை. எங்கள் தெருக் கடைசி வீட்டுப் பெரியவர் வந்தார். "குத்தகைங்க. நாலு மாங்க. நான்தாங்க உழுவுறது" என்றார். எழுதிக்கொண்டார்கள். இன்றைக்கும் அவர் பேரன்கள் அந்த நாலு மாவில்தான் நாற்று விடுகிறார்கள்.

அடுத்தது என் கணவர். சலவை வேட்டி. முழங்கால்வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார். கர்ணம் நிலத்தின் நம்பரை வாசித்தார்.

"குத்தகைதாரரா?" என்று தாசில்தார் கேட்டார்.

"பண்ணை மணியமுங்க."

எழுதப்போன தாசில்தார் பேனாவை நிறுத்தினார். சின்ன வயது, கண்ணாடி போட்டவர், ஊர் ஊராக அலைந்து களைத்த முகம். அவர் நினைத்திருந்தால் எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

"மணியம்னா? நெலத்த உழுவுறது யாரு?"

அந்த மனிதர் கதவைத் திறந்தே வைத்தார். நுழையத் தெரியவேண்டுமே!

"ஆளுங்கள வெச்சுச் செய்யறதுங்க. என் மேற்பார்வையில."

"எந்த ஆளுங்க?"

"பண்ணையாளுங்கதாங்க. உழவு, நடவு, அறுப்பு எல்லாத்துக்கும்."

என் காலில் அந்த ஆறு மாவின் சேறு காய்ந்து இழுத்துக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேசைக்கும் எனக்கும் நாலு முழத் தூரம். "இல்லீங்கய்யா, நானும் அவரும்தான் உழுது நட்டு அறுக்குறோம்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னால் கட்டினவரைப் பொய்யனாக்குவதா என்று நினைத்தேன். அதைவிட, அவர் முகம். அவ்வளவு நிமிர்ந்து அவரை நான் தாலி கட்டின அன்றுகூடப் பார்க்கவில்லை. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. நிலம் போகிறது என்று தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவருக்காவது தெரியாது, நம்பினார். எனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

'மணியம். பண்ணையாட்களைக் கொண்டு சாகுபடி' என்று எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கர்ணத்துக்கு எல்லாம் தெரியும். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அந்தத் தாளடி அறுவடைக்குப் பண்ணை ஐயா களத்துக்கு வரவில்லை. அவருடைய ஆள் வந்து, "குறியெல்லாம் வேணாம், மூட்டையக் கட்டு" என்றான். என் கணவர் சாணிப்பால் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதை வரப்போரம் கொட்டிவிட்டு மூட்டை பிடித்தார். அடுத்த குறுவைக்கு ஆற்றில் தண்ணீர் வந்ததும் ஆறு மாவுக்குள் டிராக்டர் இறங்கியது. அவர் ஐயா வீட்டுக்கு ஓடினார். நான் வரப்பில் நின்று டிராக்டர் சேற்றைக் குழப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. எனக்கு உட்கார்ந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

திரும்பி வந்தவர் நிலத்தைப் பற்றிப் பேசவில்லை.

"'நீ'ன்னு சொல்லிட்டாருடி" என்றார்.

"என்னாங்க சொன்னாரு?"

"'மணியம்னு நீதான சொன்ன. மணியத்துக்கு எதுக்கு நெலம்? வேணும்னா வேலைக்கு வா'ன்னாரு. நீ, வா. அப்படித்தான் சொன்னாரு."

ஆறு மா போய்விட்டது, இந்த மனிதர் ஒரு 'ங்க' போனதற்கு மாய்ந்துபோகிறார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. யார் தலையில் என்றுதான் தெரியவில்லை.

சங்கத்துத் தோழர் மனுப் போட்டுப் பார்த்தார். பேருந்துக்குக் காசு செலவழித்து வாய்தா வாய்தாவாக நடந்தோம். ஒவ்வொரு தடவையும் அந்தத் தாளை எடுத்து வாசித்தார்கள். இவரே சொல்லியிருக்கிறாரே, கையெழுத்து இவருடையதுதானே என்றார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்று தோழர்கூட ஒருநாள் அலுத்துக்கொண்டார். மனு தள்ளுபடியாயிற்று. அதன்பிறகு நான் அதே ஆறு மாவில் கூலிக்கு நடவு நட்டேன். வாயால் சொன்ன பொய் மெய்யாயிற்று, நான் பண்ணையாள் ஆனேன். அவர் ஊரில் கூலிக்குப் போகவில்லை. குடவாசலில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போனார். அங்கே அவரை மணியம் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரையும்போல அவரையும் 'யோவ்' என்றுதான் கூப்பிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவருக்கு வருத்தம் இருந்த மாதிரித் தெரியவில்லை.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. பிறகு வீட்டையும் காலி செய் என்று ஐயா சொல்லியனுப்பினார். அதே சமயத்தில் இன்னொரு சட்டமும் வந்திருந்தது. மிராசுதார் இடத்தில் குடிசை போட்டிருக்கிற விவசாயக் கூலிக்கு அந்த மனைக்கட்டு சொந்தம் என்று. மறுபடி அதே பள்ளிக்கூடம், அதே மேசை, அதே கர்ணம். அதிகாரி மட்டும் வேறு. இந்தத் தடவை ஜன்னலில் நிற்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு போனேன். அவரை வீட்டிலேயே இருக்கச் சொன்னேன். கேட்காமல் பின்னாலேயே வந்தார்.

கர்ணம் தொடங்கிவைத்தார். "இது மணியம் வீடுங்க. பண்ணை உத்தியோகக் குடும்பம். கூலியில சேராதுங்க."

"பழைய தாள எடுங்கய்யா" என்றேன் நான். என் குரல் எனக்கே பழக்கமில்லாமல் இருந்தது. "பண்ணையாளுங்கள வெச்சு சாகுபடின்னு எழுதியிருக்கும் பாருங்க. அந்தப் பண்ணையாளு நான்தான். நட்டது, களை பறிச்சது, அறுத்தது எல்லாம் நான்தாங்க."

அதிகாரி தாளைத் தேடி எடுத்துப் பார்த்தார். "இருக்கு. ஆனா அது நீங்கதான்னு யாரு சொல்லுவாங்க?"

யாரும் சொல்லவில்லை. ஐயாவின் ஆட்கள் இந்தத் தடவையும் சுவரில் சாய்ந்திருந்தார்கள். அப்போது என் கணவர் முன்னால் வந்தார். மூட்டை தூக்கும் அழுக்கு வேட்டி, தோளில் சாக்குத் தூசி.

"நீங்க யாரு?" என்றார் அதிகாரி.

அந்தச் சொல் அவர் தொண்டைவரை வந்ததைப் பார்த்தேன். எச்சில் விழுங்கினார்.

"இதோட புருஷனுங்க" என்றார். "இது சொல்றது நெசம்ங்க. நட்டது இது. உழுதது நான். ஆளுங்க யாரும் கெடையாது."

உழுதது நான். அதே மேசைக்கு முன்னால் முன்பே சொல்லியிருந்தால் ஆறு மா. இப்போது சொன்னதற்கு மனைக்கட்டு. அதிகாரி எழுதிக்கொண்டார், என்னிடம் கையெழுத்து வாங்கினார். என் பெயரில் பட்டா வரும் என்றார். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லாமல் வெளியே வந்தேன்.

வாய்க்கால் கரையோடு நடந்தோம். பாதி வழியில் அவர் என்னைப் பார்க்காமலே பேசினார்.

"அன்னைக்கு நீ ஜன்னல்கிட்ட நின்னத பாத்தேன்."

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தேன்.

"பொய்யின்னு நீ சொல்லிடுவேன்னு பாத்தேன். மணியம்னு வாயில வந்துடுச்சு, அப்புறம் என்னால எறங்க முடியல. நீதான் எறக்கி விடுவேன்னு நெனச்சேன். நீ ஒண்ணும் சொல்லலியேடி."

வாய்க்காலில் தண்ணீர் கரை தட்டிப் போய்க்கொண்டிருந்தது. அவர் முதலில் இறங்கிக் கால் கழுவினார். நானும் இறங்கிக் கழுவினேன். பிறகு இருவரும் வீட்டுக்குப் போனோம்.